கயிற்றை எப்போ விடணும்?

எங்க ஊர் சேவூர். ஆரணிக்குப் பக்கம். ஊருக்குள் நுழைந்தாலே 'டக் டக்'கென்று தறிச் சத்தம்தான் வரவேற்கும். கடலுக்கும் எங்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய நீர்நிலை ஏரி. அதிலும் பாதி வருஷம் பசங்க கிரிக்கெட் ஆடுவார்கள்.

அப்படிப்பட்டவன் கடற்படையைப் பற்றி எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு டீ.

போன மாதம் அரக்கோணத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு பட்டுப் புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. (பி.காம். பட்டதாரி, பத்திரிகைக்கு எழுதுகிறவன், கூடவே அப்பா நெய்த புடவைக்கு டெலிவரி பையன். மூன்று உத்தியோகம். மூன்றும் சேர்ந்து ஒரு சம்பளம் வந்தால் உங்களுக்கு நான் டீ வாங்கித் தருகிறேன்!) வேலையை முடித்துவிட்டு பஸ்ஸுக்காக டீக்கடையில் நின்றபோது தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போயிற்று. அண்ணாந்து பார்த்தேன்.

பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் பார்க்கவில்லை. டீயை ஊதிக்கொண்டே, "பி-8ஐ. ராஜாளிக்குத் திரும்புது" என்றார்.

"பார்க்காமலே எப்படி சார் சொல்றீங்க?"

"சத்தம் தம்பி. உங்க ஊர்ல தறிச் சத்தத்தை வெச்சு எந்த வீடுன்னு சொல்ல மாட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எந்த ஊர் என்றே சொல்லவில்லையே! என் கையிலிருந்த துணிப்பையில் ஆரணிக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம். "பைலட்டா சார்?" என்றேன் ஆவலாக. சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நான் கீழே இருந்தவன் தம்பி. கிரவுண்ட் க்ரூ. மேலே போறவனுக்கு மெடல், கீழே நிக்கிறவனுக்கு முழங்கால் வலி" என்றார்.

அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளி 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட கடற்படை விமானதளம். டி.யு.-142 என்கிற ராட்சத ரஷ்ய விமானங்கள் அங்கிருந்துதான் கடலுக்கு மேலே போய் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடின. 2017-ல் அவை ஓய்வு பெற்றன. 2013-லிருந்து வரத் தொடங்கிய பி-8ஐ விமானங்கள் இப்போது அந்த வேலையைப் பார்க்கின்றன. கடலே இல்லாத ஊரிலிருந்து கடலுக்குக் காவல்!

"இதே வேலையை ஒரு காலத்துல பலூன் பார்த்துச்சு, தெரியுமா? பேரு பிளிம்ப். அதுல நிஜமான ஹீரோ கயிறு பிடிச்சவன்தான். வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் மனிதர்.

படித்தேன். அடுத்த நாலு ராத்திரி தூங்கவில்லை.

எலும்பில்லாத யானை

பிளிம்ப் என்பது என்ன? திருவிழாவில் விற்கிற நீள பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். அதை 250 அடி நீளத்துக்கு ஊதுங்கள். அடியில் ஒரு மினி பஸ்ஸை ஒட்டுங்கள். பஸ்ஸின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு என்ஜின். முடிந்தது. அமெரிக்கக் கடற்படை இரண்டாம் உலகப் போரில் பறக்கவிட்ட 'கே' வகை பிளிம்ப் இதுதான். குட்இயர் டயர் கம்பெனியின் கிளை நிறுவனம் இந்த வகையில் 134 செய்து கொடுத்தது.

ஜெர்மனியின் செப்பலின் மாதிரி இதற்குள் உலோகச் சட்டம் கிடையாது. எலும்பே இல்லாத யானை! உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தம்தான் அதற்கு உருவம் கொடுக்கிறது. அழுத்தம் குறைந்தால் மூக்கு தொங்கிவிடும். அதிகமானால் துணி கிழிந்துவிடும். இதைச் சமாளிக்க, பெரிய பலூனுக்குள்ளேயே சின்னச் சின்னக் காற்றுப் பைகள் வைத்திருந்தார்கள். வாயு விரிந்தால் பையிலிருந்து காற்றை வெளியே விடுவது, சுருங்கினால் உள்ளே அடைப்பது. பஸ் டிரைவர் டயரில் காற்றைத் தட்டிப் பார்க்கிற சமாசாரம்தான். ஆனால் நாள் முழுக்க, நிமிஷத்துக்கு நிமிஷம்.

தட்டிப் பார்ப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. 'பிளிம்ப்' என்கிற பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1915-ல் இங்கிலாந்தில் ஒரு கடற்படை அதிகாரி தளத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, பலூன் துணியை விரலால் சுண்டினாராம். அதிலிருந்து வந்த சத்தத்தை வாயால் செய்து காட்டினாராம். 'பிளிம்ப்!' அதுவே பெயராகிவிட்டதாம். எங்க ஊரில் சுண்டியிருந்தால் 'தொம்' என்று பெயர் வைத்திருப்போம்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். நெசவாளி மகனுக்கு அதுதானே முக்கியம்? பருத்தித் துணியை அடுக்கடுக்காக வைத்து, நடுவே ரப்பர் பூசி ஒட்டி, வெளிப்புறம் அலுமினிய பெயிண்ட் அடித்தார்கள். வெயிலைத் திருப்பி அனுப்ப அந்த வெள்ளிப் பூச்சு. துணி தயாரானதும் உள்ளே காற்றடித்து, ஆள் உள்ளே போய், எங்கேயாவது ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "நாங்க புடவையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கலையா? இதையெல்லாம் வெள்ளைக்காரன்தான் கண்டுபிடிக்கணுமா?" என்றார், தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

உள்ளே நிரப்புகிற வாயு ஹீலியம். தீப்பிடிக்காது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் நிலத்தடியிலிருந்து கிடைத்தது. இதிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு சார்! 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி முழு சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சென் அன்றைய மதராஸ் ராஜதானியின் குண்டூருக்கு வந்து உட்கார்ந்தார். மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் உட்கார்ந்தார். அந்தக் கிரகணத்தையொட்டிச் சூரிய ஒளியில் கவனத்துக்கு வந்த ஒரு மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று பெயர் வாங்கியது. குண்டூர் என்றால் மிளகாய் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கூர்க்கா வேலை

நம்ம ஊரில் சாமர்த்தியக்காரனை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன் 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். கடலில் இருந்து வருகிற ஆபத்து எப்படி இருக்கும் என்று மெட்ராஸுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது மெட்ராஸே காலியானது. மூட்டை முடிச்சோடு ஆரணிப் பக்கம் வந்து இறங்கியவர்களைப் பற்றி எங்க தாத்தா நிறையச் சொல்வார். நம் பக்கத்துக் கடல்களைக் காவல் காக்க பிளிம்ப் வரவில்லை. காட்டலினா என்கிற பறக்கும் படகுகள்தான் அந்த வேலையைப் பார்த்தன. நம்ம செங்குன்றம் ஏரியில்கூட அவை இறங்கி ஏறின.

அதே 1942-ல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஜெர்மன் நீர்மூழ்கிகள் வந்துவிட்டன. கரையிலிருந்து பார்க்கிற தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் பற்றி எரிந்தன. போர் தொடங்கியபோது அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த பிளிம்ப்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்து! நியூஜெர்சியில் லேக்ஹர்ஸ்ட் என்கிற இடத்திலிருந்து அவற்றை வைத்துத்தான் காவலை ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்து நீர்மூழ்கிக்கு ஒரு பலவீனம். பேட்டரி சார்ஜ் செய்ய அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். மேலே இருந்தால்தான் வேகம். தண்ணீருக்குள் போய்விட்டால் நத்தை. கப்பல் கூட்டத்துக்கு மேலே ஒரு பிளிம்ப் மிதந்தால் போதும். நீர்மூழ்கி தலையைத் தூக்காது. அது உள்ளேயே பதுங்கியிருக்கும்போது கப்பல்கள் தாண்டிப் போய்விடும்.

ராத்திரி தெருவில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவாரே, அதே தொழில்நுட்பம்தான். கூர்க்கா ஒரு திருடனையும் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் வருகிற தெருவில் திருட்டும் கேள்விப்பட்டதில்லை.

பிளிம்ப் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து போகும். ஒன்றரை நாள்கூடத் தொடர்ந்து ஆகாயத்தில் இருக்கும். விமானத்தால் முடியாத காரியம் இது. பத்துப் பேர் உள்ளே முறை வைத்துத் தூங்கி, சமைத்துச் சாப்பிட்டு, கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போர் முடிந்தபோது கணக்கு பார்த்தார்கள். பிளிம்ப் காவலில் போன கப்பல்கள் சுமார் 89,000. அதில் நீர்மூழ்கிக்குப் பலியானது ஒன்றே ஒன்று. 1942 மே மாதம் மூழ்கிய 'பெர்செஃபோனி' என்கிற எண்ணெய்க் கப்பல்.

1944-ல் ஆறு பிளிம்ப்கள் அட்லாண்டிக் கடலையே தாண்டி மொராக்கோ போய்ச் சேர்ந்தன. ஜிப்ரால்டர் ஜலசந்தியில் பகலில் விமானங்கள் காவல், ராத்திரியில் பிளிம்ப்கள் காவல். நைட் ஷிஃப்ட்! கடலுக்கடியில் போகிற இரும்பின் காந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிற கருவியோடு, தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருட்டில் பறந்துகொண்டே இருந்தன.

டிரையல் பேலன்ஸ்

இப்போது கீழே வருவோம். பெரியவர் சொன்ன ஆள் அங்கேதான் நிற்கிறான்.

விமானம் வந்து இறங்கினால் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். பிளிம்ப் அப்படி இல்லை. அதற்குத் தரையில் எடையே இருக்காது. மூக்கிலிருந்து இரண்டு நீளக் கயிறுகளைத் தொங்கவிட்டபடி எதிர்காற்றில் மெதுவாக வரும். கீழே பல டஜன் ஆட்கள் இரண்டு வரிசையாக, அகலமாகத் திறந்த 'வி' மாதிரி நிற்பார்கள். இடது வரிசை இடது கயிற்றை, வலது வரிசை வலது கயிற்றைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். பிறகு ஒரு கோஷ்டி அடியில் இருக்கிற பெட்டியின் கம்பியைப் பிடித்து அழுத்தும். அப்புறம் டிராக்டர் இழுத்து வரும் நடமாடும் கம்பத்தில் மூக்கை மாட்டுவார்கள். அதுவரை அந்த நாலேகால் லட்சம் கன அடி ராட்சதனுக்கு ஒரே நங்கூரம் மனிதக் கைகள்தான்.

நம்ம ஊரில் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிறவர் நாலைந்து பேர்தான். தேர் சந்தில் புகாமல் திரும்புவது அவர்களால்தான். மாலை மரியாதை எல்லாம் மேலே நிற்கிறவர்களுக்கு. பிளிம்ப் தளத்தில் வடம் பிடிப்பவரும் கட்டை போடுபவரும் ஒரே ஆள்.

கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை. எடை பார்ப்பது. பெட்ரோல், குண்டு, ஆட்கள், துணியில் படிந்த பனி ஈரம் எல்லாம் ஒரு பக்கம். ஹீலியத்தின் தூக்கும் சக்தி மறு பக்கம். கிரவுண்ட் க்ரூ கையை லேசாக விட்டுப் பார்ப்பார்கள். மேலே போகிறதா, கீழே அமுங்குகிறதா? அதற்குத் தகுந்தபடி மணலோ ஈயக் குண்டோ நிரப்பிய பைகளை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். ஆஹா, டிரையல் பேலன்ஸ்! எங்க காலேஜில் எனக்கு ஒரு தடவைகூட டேலி ஆனதில்லை. வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளிவிட்டுப் பாஸ் பண்ணியவன் நான். பிளிம்ப்பில் அந்த வசதி இல்லை.

கம்பத்தில் கட்டியபிறகாவது தூங்கலாமா? முடியாது. வெயில் ஏறினால் ஹீலியம் விரிந்து வால் தூக்கும். மழை பெய்தால் துணி நனைந்து அமுங்கும். ராத்திரி குளிர்ந்தால் சுருங்கும். எனவே 24 மணி நேரமும் ஒருவன் உள்ளே உட்கார்ந்து அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். உலகம் தூங்கும்போது ஒரு பலூன் சரியாக மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது ஒரு உத்தியோகம்! ஆபீஸில் 'நான் இல்லாட்டா இந்த கம்பெனி ஓடாது' என்று நினைக்கிற நண்பர்களே, அந்த மனிதனுக்கு மட்டும்தான் அப்படிச் சொல்லிக்கொள்ள உரிமை இருந்தது.

1942 ஆகஸ்ட் 16. சான்ஃபிரான்சிஸ்கோவில் எல்-8 என்கிற சின்ன பிளிம்ப் காலையில் கிளம்பத் தயாரானது. எடை பார்த்தார்கள். பனி ஈரத்தால் பாரம் அதிகம். மூன்று பேரில் ஒருவரை, மெக்கானிக் ஹில்லை, இறக்கிவிட்டார்கள். கோடி, ஆடம்ஸ் என்ற இரண்டு அதிகாரிகள் மட்டும் போனார்கள். கடலில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது, பார்க்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதுதான் கடைசி. சில மணி நேரத்தில் பிளிம்ப் மட்டும் தானாகக் கரைக்கு மிதந்து வந்து, டேலி சிட்டி என்ற ஊரின் தெருவில் விழுந்தது. கதவு திறந்திருந்தது. பாராசூட் இருந்தது, ரப்பர் படகு இருந்தது, ரேடியோ வேலை செய்தது. இரண்டு பேரும் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. சில கிலோ ஈரம் அதிகம் என்று கீழே இறக்கப்பட்ட அந்த ஹில், அன்று ராத்திரி என்ன நினைத்துப் படுத்திருப்பார்?

1943 ஜூலை 18 ராத்திரி ஃபுளோரிடா அருகே கே-74 என்ற பிளிம்ப், மேலே வந்திருந்த யு-134 நீர்மூழ்கியைப் பார்த்தது. 'தூரத்தில் நில், மற்றவர்களைக் கூப்பிடு' என்பதுதான் விதி. ஆனால் நீர்மூழ்கி போகிற திசையில் இரண்டு கப்பல்கள் இருந்தன. கேப்டன் கிரில்ஸ் நேராகப் பாய்ந்தார். நேரம் பார்த்துக் குண்டுகள் கழன்று விழவில்லை. நீர்மூழ்கியின் பீரங்கி பிளிம்ப்பைத் துளைத்தது. அது மெல்ல மெல்லக் கடலில் இறங்கியது. பத்துப் பேரும் உயிரோடு தண்ணீரில். காலையில் மீட்புக் கப்பல் நெருங்குகிற நேரத்தில் ஸ்டெஸல் என்பவரைச் சுறா கொண்டுபோனது. அந்தப் போரில் எதிரி சுட்டு வீழ்த்திய ஒரே பிளிம்ப் அதுதான். கப்பல்கள் இரண்டும் தப்பின.

நாலு பேர்

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது எதுவும் இல்லை. போருக்குப் பத்து வருஷம் முந்தைய ஒரு சம்பவம்.

1932 மே 11. கலிபோர்னியாவில் கேம்ப் கியர்னி. அமெரிக்கக் கடற்படையின் 'ஆக்ரன்' என்ற ராட்சத ஆகாயக் கப்பல் இறங்க வந்தது. இது பிளிம்ப் இல்லை, சட்டம் வைத்தது. 785 அடி நீளம். நெடுந்தூரம் பறந்து எரிபொருள் தீர்ந்து, வெயிலில் ஹீலியம் சூடேறி, ரொம்ப லேசாகிவிட்டிருந்தது. கீழே கயிறு பிடிக்க நின்றவர்களில் பெரும்பாலோர் கடற்படைப் பயிற்சிப் பள்ளியின் புதுப் பையன்கள். இந்த வேலையை அதற்கு முன் செய்தவர்கள் இல்லை.

கயிற்றைப் பிடித்தார்கள். கப்பல் திடீரென்று எகிறியது. மூக்கில் நிற்காமலிருக்க இழுகம்பியை வெட்டிவிட்டார்கள். எல்லோரும் கயிற்றை விட்டார்கள். நாலு பேர் விடவில்லை. ஒருவர் பதினைந்து அடியில் விட்டு, கை ஒடிந்து பிழைத்தார். மூன்று பேர் மேலே போனார்கள். நூறடி... இருநூறடி... எட்சல், ஹென்டன் என்ற இரண்டு பேர் பிடி தளர்ந்து விழுந்து இறந்தார்கள். கவர்ட் என்ற இளைஞர் மட்டும் தன்னைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தொங்கினார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் அவரை மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். எல்லாமே சினிமாவில் பதிவாகியிருக்கிறது. பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கயிறு பிடிக்கிறவர்களுக்குப் பாலபாடம் ஒன்றுதான். 'கால் தரையை விட்டு எழும்பினால் கையை விடு.' ஒரு வரி.

அதே மாதிரி கயிறு பிடிக்கத்தான் 1937 மே 6 அன்று லேக்ஹர்ஸ்டில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் ஹிண்டன்பர்க்குக்காகக் காத்திருந்தார்கள். அது ஹைட்ரஜன் நிரப்பியது. தலைக்கு மேலே தீப்பிடித்து விழுந்தது. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஓடாதீர்கள் என்று தரைக்குழுத் தலைவர் டோபின் கத்தினார். ஓடியவர்கள் திரும்பினார்கள். நெருப்புக்குள் போய் ஆட்களை இழுத்து வந்தார்கள். உள்ளே இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள். இறந்தவர்கள் 36. கணக்கு இடிக்கிறதே என்று பி.காம். மூளை உறுத்தியது. 97-ல் 62 போனால் 35 தானே? அந்த முப்பத்தாறாவது ஆள், கீழே நின்றவர்.

ஆடிக் காற்று

என் தூக்கம் போனதற்கு வேறு காரணமும் இருக்கிறது.

எனக்குப் பத்து வயது. எங்க தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டு இழைகள். நடுநடுவே கோல் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துச் சீர் பண்ணுவார்கள். அன்றைக்கு ஆள் குறைவு. ஒரு கோலை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆடி மாசம். திடீரென்று ஒரு காற்று. பாவு எழும்பி என்னையும் சேர்த்து ஒரு உலுக்கு உலுக்கியது. பயந்துபோய்க் கையை விட்டுவிட்டேன்.

மூன்று புடவைக்கான பாவு. புழுதியில் புரண்டு, அறுந்து, சிக்கி... அப்பாவும் அம்மாவும் மூன்று ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு இழை இழையாக முடிச்சுப் போட்டார்கள். அந்தத் தடவை கூலியிலும் பிடித்துவிட்டார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இருபத்தைந்து வருஷமாக உறுத்துகிறது. தறிப் பக்கம் நான் போகாததற்கும், பி.காம். சேர்ந்ததற்கும் அதுவே காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு அறுபத்தாறு. முழங்கால் வலி. இறங்கி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 'தறியை விட்டுடுங்கப்பா' என்று நானும் அக்காவும் இரண்டு வருஷமாகச் சொல்கிறோம். கேட்பதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தறிப் பக்கத்தில் உட்கார்ந்து ஆக்ரன் கதையை முழுக்கச் சொன்னேன். கொஞ்சம் உள்நோக்கத்தோடுதான். 'பாருங்கப்பா, விட வேண்டிய நேரத்துல விடாம பிடிச்சுக்கிட்டிருந்தா என்ன ஆகுதுன்னு' என்று முடிக்கலாம் என்று திட்டம்.

அப்பா நாடாவை நிறுத்தினார். "அந்தப் பசங்க புதுசா?"

"ஆமாப்பா. அனுபவமில்லாத பசங்க."

"எப்ப விடணும்னு அவங்களுக்கு நல்லாச் சொல்லித் தந்தாங்களா?"

"தெரியலப்பா..."

"சொல்லித் தராம கயித்தைக் கையில குடுத்தா, அது யார் தப்பு?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்குப் பாவை நீ விட்டது தப்பில்லடா. காத்து வந்தா கோலைத் தரையோட அழுத்திக்கிட்டு உட்காரணும்னு நான் சொல்லித் தரலை. ஆள் இல்லேன்னு பச்சப் புள்ள கையில குடுத்தேன். அதான் உன்னைத் திட்டலை" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. சட்டென்று சமாளித்துக்கொண்டு (பத்திரிகைக்காரன் இல்லையா!) திட்டத்துக்குத் திரும்பினேன். "சரிப்பா, கால் தரையை விட்டு எழும்பினா கையை விடணும்னு அவங்க விதி. நீங்க எப்போ விடப் போறீங்க?"

அப்பா குனிந்து கீழே காட்டினார். எங்களுடையது குழித்தறி. உட்காருகிற இடத்துக்குக் கீழே பள்ளம். இரண்டு காலும் அதற்குள், மிதிகட்டையின் மேல்.

"என் கால் தரைக்கும் கீழ இருக்குடா. நான் எங்க பறக்கப் போறேன்?"

நாடா மறுபடி ஓட ஆரம்பித்தது.

இதற்கு மேல் நான் என்ன பேச? ஒன்று மட்டும் கேட்டேன். "அடுத்த பாவு எப்போப்பா நீட்டுறீங்க?"

"வெள்ளிக்கிழமை காலையில. அஞ்சு மணிக்கு. ஏன்?"

"ஒரு கோலை நான் பிடிக்கிறேன்."

அப்பா சிரித்த மாதிரி இருந்தது. தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை போனேன். காற்றே இல்லை. ஆனாலும் கோலைத் தரையோடு அழுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், எட்டு வயதிருக்கும், "நானும் பிடிக்கிறேன் அண்ணா" என்று வந்தான். கோலைக் கொடுப்பதற்கு முன்னால் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.